கையெழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொள்கை

பெயரும் ஊரும் நாடும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டு ஒரு பல்கலைக்கழக நூலகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொன்னால் விஷயம் இதுதான். அரசின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க (இதைத்தான் திறந்த அணுக்கம் என்கிறார்கள்) வழி செய்யும் தேசியக் கொள்கை ஒன்றை எழுத அவருடைய நாட்டில் குழு அமைத்திருக்கிறார்கள். இவர் குழுவின் செயலாளர். வரைவு எழுதும் வேலை முழுக்க இவர் தலையில். அவகாசம் மூன்று மாதம். தலைவராக இருக்கும் மூத்த பேராசிரியர் ஒரே வரியில் முடிக்கச் சொல்கிறார்: "அரசு நிதி பெற்ற ஆய்வுகள் அனைத்தும் திறந்த அணுக்க இதழ்களில் மட்டுமே வெளியாக வேண்டும், அதற்கான வெளியீட்டுக் கட்டணத்தை அரசு தரும்." அந்தப் பேராசிரியரே ஓர் அறிவியல் சங்கத்தின் ஆய்விதழுக்கு ஆசிரியர். இதுவரை சந்தாவில் ஓடிய அந்த இதழ், அடுத்த ஆண்டு முதல் கட்டுரைக்குக் கட்டணம் வாங்கப் போகிறது.

நூலகருக்கு இந்த வரி பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. "ஆய்வாளர்கள் பதிப்புரிமையைப் பதிப்பகங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டுரையை நம் இணையக் களஞ்சியத்தில் வைத்தால் அது சட்டமீறல்தானே?" என்று கேட்கிறார். கட்டாயம் என்று போட்டால் பெரிய இதழ்கள் நம் கட்டுரைகளை வாங்காது என்று குழுவில் சிலர் பயப்படுகிறார்களாம். திறந்த இதழ் என்றாலே போலி இதழ்தான் என்கிறார் ஒருவர். வரலாறு, இலக்கியத் துறையினர் வெளியான கட்டுரையை இரண்டு ஆண்டு திறக்காமல் வைக்கும் தடைக்காலம் கேட்கிறார்கள். மருந்து ஆராய்ச்சி செய்பவர்கள் பேட்டன்ட் போய்விடும் என்கிறார்கள். கடைசியாக அவர் எழுதியிருப்பது: "தலைவர் சொன்னபடி எழுதினால் என் கையெழுத்தோடு தவறான ஒன்று போகும். எதிர்த்தால் வேலையில் சங்கடம். நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள நூலகர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் 'இதழ்' என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. 'ஒப்பந்தம்' என்ற சொல்லை ஓரிடத்திலும் காணவில்லை. பதிப்புரிமை வழக்கறிஞன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். உங்கள் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டுரை பூட்டப்படுவது அச்சாகும் நாளில் அல்ல. இதழ் அதை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு படிவம் மின்னஞ்சலில் வரும். கட்டுரை வெளியானால் போதும் என்ற அவசரத்தில் ஆய்வாளர் அதைப் படிக்காமலே ஒப்புக்கொள்வார். அந்த ஒரு நிமிடத்தில்தான் கட்டுரை பூட்டப்படுகிறது. தேசியக் கொள்கைக்கு உண்மையான வேலை அந்த நிமிடத்துக்கு முன்னால் இருக்கிறது. எந்த இதழில் வெளியிடுவது என்று ஆணையிடும் கொள்கை, கையெழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பணப்பையைத் திறக்கிறது. எழுதியவர் கையில் என்ன உரிமை மிஞ்ச வேண்டும் என்று சொல்லும் கொள்கை கையெழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. உங்கள் வரைவு இரண்டாவது வகையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. திறந்த அணுக்கம் என்ற பெயரை உலகம் முழுக்கப் பரப்பிய புடாபெஸ்ட் அறிக்கை 2002 பிப்ரவரியில் வந்தது. அதிலேயே இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர் தன் கட்டுரையைத் தானே ஒரு திறந்த களஞ்சியத்தில் வைப்பது ஒன்று. இதழே தன்னைத் திறந்துகொள்வது இன்னொன்று. வரிசையில் முதலில் வருவது களஞ்சியம்தான். பின்னாளில் இவற்றை முறையே பச்சை வழி, தங்க வழி என்று அழைத்தார்கள். உங்கள் தலைவரின் வரியில் பச்சை வழி அடியோடு இல்லை. தங்க வழியிலும் கட்டணம் வாங்கும் பகுதி மட்டும்தான் இருக்கிறது.

பதிப்புரிமை ஏற்கெனவே போய்விட்டதா?

பழைய கட்டுரைகளில் பலவற்றுக்குப் போயிருக்கலாம். ஆனால் அதனால் களஞ்சியத்தில் வைப்பதே சட்டமீறல் என்று ஆகாது. ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. இதழுக்கு அனுப்பிய படி, மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்களுடன் ஆசிரியர் குழு ஏற்ற படி, பதிப்பகம் அச்சுக்கோத்துத் தன் சின்னத்தோடு வெளியிட்ட படி. மூன்றாவதை நீங்கள் தொட்டால் சிக்கல் வரலாம். இரண்டாவதை, அதாவது ஏற்கப்பட்ட படியை, களஞ்சியத்தில் வைக்கப் பெரிய பதிப்பகங்கள் பலவும் தங்கள் சொந்த விதிகளிலேயே அனுமதிக்கின்றன. பெரும்பாலும் ஒரு தடைக்காலத்துக்குப் பிறகு. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்று தொகுத்துத் தரும், முன்பு ஷெர்பா ரோமியோ என்றும் இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்றும் அழைக்கப்படும் தரவுத்தளத்தை நூலகரான உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறிவியல் உள்ளடக்கம் முழுக்க இரண்டாவது படியிலேயே வந்துவிடுகிறது. அச்சுக்கோப்பும் பக்க எண்ணும்தான் பாக்கி.

இனி எழுதப்படும் கட்டுரைகளுக்கு வருவோம். உரிமையைக் கையில் வைத்துக்கொள்ள மூன்று விதமாக முயன்றிருக்கிறார்கள்.

முதலாவது, நிறுவனத்தின் வழி. 2008 பிப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் புலத்துப் பேராசிரியர்கள் ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். தாங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைப் பரப்பும் பிரத்தியேகமற்ற (அதாவது மற்றவருக்கும் தரத் தடையில்லாத) உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தருவதாகச் சொன்னது அந்தத் தீர்மானம். பதிப்பகத்தின் படிவம் வரும்போது அந்த உரிமை ஏற்கெனவே கைமாறியிருக்கும். வேண்டாம் என்று ஒரு கட்டுரைக்கு விலக்குக் கேட்டால், கேட்டவருக்குக் கிடைக்கும். இயல்பு நிலை என்ன என்பதை மாற்றியதுதான் இதன் பலம்.

இரண்டாவது, நிதி தருபவரின் வழி. ஐரோப்பாவில் 2018 செப்டம்பரில் பல நாடுகளின் நிதி அமைப்புகள் சேர்ந்து, தாங்கள் நிதி தரும் ஆய்வுகளின் கட்டுரைகள் உடனே திறக்கப்பட வேண்டும் என்ற பிளான் எஸ் திட்டத்தை அறிவித்தன. 2020-இல் அதில் உரிமை தக்கவைப்பு உத்தி என்ற பகுதி சேர்ந்தது. நிதி பெறுபவர் தன் கட்டுரையின் ஏற்கப்பட்ட படிக்கு, யாரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பொருந்தும் என்று இதழுக்கு அனுப்பும்போதே எழுதிவிட வேண்டும். நிதி ஒப்பந்தத்தில் இரண்டே வரியில் முடிகிற வேலை இது. புதிய சட்டம் தேவையில்லை.

மூன்றாவது, சட்டத்தின் வழி. ஜெர்மனி 2014 ஜனவரி முதல் தன் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் ஆய்வாளருக்கு இரண்டாம் வெளியீட்டு உரிமை தருகிறது. ஆராய்ச்சிக்குக் குறைந்தது பாதிப் பணம் பொது நிதியிலிருந்து வந்திருந்தால், வெளியாகி 12 மாதம் கழித்து, வணிக நோக்கமில்லாமல், ஏற்கப்பட்ட படியை அவர் வெளியிடலாம். இதற்கு எதிராக ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது செல்லாது. நெதர்லாந்து 2015-இல் இதேபோன்ற உரிமையைத் தந்தது. அங்கே சட்டம் 'நியாயமான காலம்' என்று மட்டும் சொல்ல, பல்கலைக்கழகங்கள் அதை 6 மாதம் என்று எடுத்துக்கொண்டன. பிரான்ஸ் 2016-இல் அறிவியல், மருத்துவத் துறைகளுக்கு 6 மாதம், மானுடத் துறைகளுக்கும் சமூக அறிவியலுக்கும் 12 மாதம் என்று பிரித்து வைத்தது.

இந்த மூன்றில் எது? சட்டம்தான் உறுதியானது. ஆய்வாளர் பதிப்பகத்தோடு தனியாகப் பேரம் பேச வேண்டியதில்லை, நாடே அவருக்காகப் பேசிவிடுகிறது. ஆனால் நாடாளுமன்றம் போய்த் திரும்ப வருடக்கணக்கில் ஆகும். உங்கள் கையில் இருப்பதோ மூன்று மாதம். எனவே நிதி ஒப்பந்த வரிகளை இப்போதே எழுதுங்கள். சட்டத்திருத்தத்தைப் பரிந்துரையாகக் கொள்கையில் சேருங்கள்.

எழுதும்போது சில இடங்களில் வழுக்கும். நான் வழக்கமாக வாதாடும் இடங்கள் இவை என்பதால் சொல்கிறேன். ஊழியர் பணியில் எழுதியது யாருக்குச் சொந்தம் என்று உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் அது முதலாளிக்கே சொந்தம். பல்கலைக்கழகங்கள் மட்டும் வழக்கத்தின் பேரில் ஆசிரியர்களிடமே விட்டுவைத்திருக்கின்றன. அதைத் தெளிவாக்காமல் "ஆய்வாளர் உரிமம் தருகிறார்" என்று எழுதினால் தன்னிடம் இல்லாததை அவர் தந்ததாகிவிடும். அடுத்து, முன்கூட்டித் தரும் உரிமம் செல்ல எழுத்தும் கையெழுத்தும் வேண்டுமா? முன்னால் தந்த உரிமம் பின்னால் உரிமையை வாங்கியவரைக் கட்டுமா? இந்த இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும். கடைசியாக, பதிப்பகப் படிவங்கள் பெரும்பாலும் வேறொரு நாட்டின் சட்டமே பொருந்தும் என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும். எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்திருந்தாலும் இந்த உரிமை பறிபோகாது என்று உங்கள் சட்டத்திருத்தப் பரிந்துரையில் ஒரு வரி வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தாலும் வெளிநாட்டு நீதிமன்றம் அதை மதிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். இல்லாவிட்டால் வாதாடவே இடமில்லை, அவ்வளவுதான்.

கட்டணத்தை அரசு தந்தால் என்ன தவறு?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படிப்பவரிடம் வாங்காதே, எழுதுபவரிடம் வாங்கிக்கொள், அந்தப் பணத்தை நாங்கள் தருகிறோம். ஆனால் விலையை யார் வைக்கிறார்கள் என்று பாருங்கள். நேச்சர் இதழ் 2021 முதல் திறந்த வெளியீட்டுக்கு ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. எல்லா இதழும் அப்படி இல்லைதான், அது உச்சி. ஆனால் 'எவ்வளவானாலும் அரசு தரும்' என்று ஒரு கொள்கை எழுதிவிட்டால் விலையைக் கீழே இழுக்க அதன்பின் யாருக்கும் காரணம் இருக்காது. கட்டணம் கட்டுபவர் ஒருவர், இதழைத் தேர்வு செய்பவர் இன்னொருவர். இப்படிப்பட்ட சந்தையில் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

பிரிட்டன் இந்தப் பாதையில் முன்னால் போன நாடு. 2012-இல் வந்த ஃபின்ச் குழு அறிக்கை தங்க வழியை முதன்மையாக்கியது. 2013 முதல் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணம் செலுத்த மொத்த மானியம் போனது. அதில் பெரும்பகுதி கலப்பு இதழ்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கலப்பு இதழ் என்றால் சந்தாவும் வாங்கும், தனிக் கட்டுரையைத் திறக்கக் கட்டணமும் வாங்கும். ஒரே இதழுக்கு நூலகம் ஒரு கையாலும் ஆய்வாளர் மறு கையாலும் பணம் கொடுத்தார்கள். இதைச் சரிசெய்யத்தான் 'உருமாற்ற ஒப்பந்தம்' என்ற பெயரில் சந்தாவையும் கட்டணத்தையும் ஒரே கட்டாகப் பேசினார்கள். உருமாறி முடிப்பார்கள் என்று காத்திருந்த பிளான் எஸ் கூட்டணியே 2024 முடிவோடு அந்த ஏற்பாட்டுக்குத் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது.

ஏழை நாட்டு ஆய்வாளருக்குக் கட்டண விலக்கு உண்டே என்று தலைவர் சொல்லக்கூடும். உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைப் போடுவது பதிப்பகம். நடுத்தர வருமான நாடுகள் பல சமயம் அதில் இடம்பெறாது, அல்லது பாதி விலக்கோடு நின்றுவிடும். நாளை பட்டியலிலிருந்து நீக்கினால் முறையிட இடமில்லை. விருந்தாளியாக உள்ளே போவது வேறு, வீட்டில் பங்கு இருப்பது வேறு.

அப்புறம், திறந்த இதழ் என்றால் கட்டண இதழ் என்ற எண்ணமே தவறு. திறந்த இதழ்களின் பொதுப் பட்டியலான டிஓஏஜே-யில் உள்ளவற்றில் பெரும்பான்மை எழுதுபவரிடம் எதுவும் வாங்குவதில்லை. இவற்றை வைர வழி என்கிறார்கள். பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் அரசுகளும் நடத்துபவை. பிரேசிலில் 1998-இல் தொடங்கிய சியெலோ என்ற பொதுத் தளம் இதற்கு நல்ல சான்று. லத்தீன் அமெரிக்க நாடுகளின் இதழ்கள் ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் மொழிகளிலேயே, மதிப்பாய்வோடு, உலகம் முழுக்கப் படிக்கும்படி அங்கே கிடைக்கின்றன. கட்டணத்துக்கு ஒதுக்க நினைக்கும் தொகையில் ஒரு பங்கை உள்நாட்டு இதழ்களின் தளத்துக்கும் ஆசிரியர் குழுவுக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் கொடுத்தால் அந்தப் பணம் திறனாக மாறி நாட்டுக்குள்ளேயே தங்கும். உங்கள் தலைவரின் சங்க இதழுக்கும் இதில் ஒரு கௌரவமான வழி இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதனோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியா 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள் படிக்க, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அந்த நிறுவனங்களின் மாணவர்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் அது முதன்மையாக வாசிப்பதற்கான சந்தா. அந்த நாட்டு ஆய்வாளர் எழுதியதை வெளியே இருப்பவர் படிக்க அந்தச் சந்தா வழி செய்யாது. உங்கள் குழுவில் யாராவது "நாமும் அப்படிச் செய்யலாமே" என்றால், செய்யலாம், ஆனால் அது வேறு கொள்கை என்று குறித்துவிடுங்கள்.

சரி, கட்டணமே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். முழுக்கத் திறந்த இதழ்களுக்கு மட்டும், உச்சவரம்போடு, கலப்பு இதழ்களுக்கு ஒரு காசும் இல்லாமல், கொள்கையின் கடைசிப் பத்தியில் வைக்கலாம். முதல் பத்தியில் வைக்காதீர்கள்.

போலி இதழ் பற்றிச் சொன்னவருக்கு ஒரே பதில்: போலி இதழ் வாழ்வது கட்டணத்தில். களஞ்சியத்தில் ஒரு கட்டுரையை வைப்பதால் அதன் மதிப்பாய்வு குறைந்துவிடாது. அது ஏற்கெனவே ஏதோ ஓர் இதழ் மதிப்பாய்வு செய்து ஏற்ற கட்டுரைதான். அவருடைய பயம் உண்மையில் தலைவரின் வரிக்கு எதிரான வாதம். அதைக் கூட்டத்தில் அவர் வாயாலேயே சொல்ல வைக்க முடிந்தால் நல்லது.

கட்டாயம் எங்கே பிடிக்க வேண்டும்

'ஊக்குவிக்கிறது', 'வரவேற்கிறது' என்று எழுதப்பட்ட கொள்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவை யாரையும் எதற்கும் கட்டுவதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2005-இல் அப்படித்தான் ஆரம்பித்தது. விருப்பமுள்ளவர்கள் பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்தில் வையுங்கள் என்றது. நூற்றுக்கு ஐந்து பேர்கூட வைக்கவில்லை. நாடாளுமன்றம் தலையிட்டு 2008 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. அதன் பிறகும் 2013-இல், களஞ்சியத்தில் வைக்காதவர்களின் அடுத்த தவணை நிதியை நிறுத்தி வைக்கத் தொடங்கியபோதுதான் ஒழுங்கு வந்தது. முதலில் 12 மாதம் வரை இருந்த தடைக்காலமும் இப்போது இல்லை. 2025 ஜூலை முதல் ஏற்கப்படும் கட்டுரைகள் வெளியாகும் அன்றே திறக்கப்பட வேண்டும்.

உங்கள் குழுவினரின் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. 2008-இல் அந்தக் கட்டாயம் வந்தபோது மருத்துவ இதழ்கள் அமெரிக்க ஆய்வாளர்களைத் திருப்பி அனுப்பவில்லை. சரி, அது பெரிய நாடு, அதை ஒதுக்க எந்த இதழுக்கும் துணிவு வராது. சிறிய நாட்டுக்கு அந்தப் பலம் இல்லை என்பது நியாயமான கவலை. அதற்குத்தான் விலக்கு. ஒரு குறிப்பிட்ட இதழ் முரண்டு பிடித்தால் அந்தக் கட்டுரைக்கு உரிமத்திலிருந்து விலக்கு தரலாம். களஞ்சியத்தில் ஒப்படைப்பதிலிருந்து மட்டும் விலக்கு தராதீர்கள். ஒப்படைப்பது வேறு, திறப்பது வேறு. ஏற்கப்பட்ட அன்றே படி களஞ்சியத்துக்கு வந்துவிட வேண்டும். யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தாலும் சரி, திறக்கும் தேதி வந்ததும் அது தானாகத் திறக்கும். ஒரு வருடம் கழித்துத் தேடினால் ஏற்கப்பட்ட படி யாரிடமும் இருக்காது. பழைய மடிக்கணினியோடு போயிருக்கும்.

யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் தந்த விடையை நான் எல்லோருக்கும் சொல்வேன். 2008-இல் ஆர்பி என்ற களஞ்சியத்தைத் திறந்தார்கள். பதவி உயர்வுக்கும் உள்மதிப்பீட்டுக்கும் அந்தக் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்று நிர்வாகம் அறிவித்தது. அபராதம் எதுவும் இல்லை. பேராசிரியர்கள் தாங்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். பிரிட்டனும் பின்னர் தன் 2021 தேசிய ஆராய்ச்சி மதிப்பீட்டுக்கு இதே தர்க்கத்தைப் பயன்படுத்தியது. ஏற்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் களஞ்சியத்தில் வைக்காத கட்டுரை மதிப்பீட்டுக்குத் தகுதி இழக்கும் என்பது விதி. உங்கள் நாட்டில் பதவி உயர்வு விதிகளை வகுக்கும் அமைப்பு எதுவோ, அதன் பிரதிநிதி உங்கள் குழுவில் இருக்கிறாரா? இல்லையென்றால் அவரை அழைக்கும்படி அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். அவர் இல்லாமல் எழுதும் கொள்கை பெட்டிக்குள் போகும்.

களஞ்சியம் இல்லாத சிறு கல்லூரிகள் என்ன செய்யும் என்றும் கேட்டிருந்தீர்கள். டிஸ்பேஸ், ஈபிரின்ட்ஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேசியக் களஞ்சியம் வைப்பது இன்னும் எளிது. அதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்கச் சொல்லுங்கள். இலவச மென்பொருள் என்றதும் நிதித்துறை பூஜ்யம் போட்டுவிடும். நூலகராக உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தடைக்காலம், பேட்டன்ட், தரவு

வரலாற்றுத் துறையினரை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் துறையில் ஒரு கட்டுரை பல ஆண்டுகள் படிக்கப்படும். அவர்கள் இதழ்கள் சிறியவை, சந்தாவில் தொங்குபவை. அதனால் பிரான்ஸ் செய்ததுபோல் இரண்டு காலம் வைப்பதில் தவறில்லை. ஆனால் 12 மாதத்துக்கு மேல் போக வேண்டாம். புத்தகங்களை இந்தக் கொள்கையில் சேர்க்காதீர்கள். அவற்றின் பொருளாதாரமே வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் அந்தத் துறைகள் முழுக்க உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பேட்டன்ட் பயத்தில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. கண்டுபிடிப்பின் புதுமையைக் கெடுப்பது வெளியீடு. அது திறந்த வெளியீடா, சந்தா இதழா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பணம் கட்டிப் படிக்கும் இதழில் வந்தாலும் வெளியானது வெளியானதுதான். எந்தத் திறந்த அணுக்கக் கொள்கையும் 'கட்டுரை எழுது' என்று கட்டாயப்படுத்தாது. எழுதி வெளியிட்டால் திற என்றுதான் சொல்லும். விண்ணப்பம் போட்ட பிறகு இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளியிட்ட பின் விண்ணப்பிக்கச் சில நாடுகள் ஓராண்டு சலுகை தருகின்றன, ஐரோப்பா பொதுவாகத் தருவதில்லை. அதை நம்பி யாரும் இறங்கக் கூடாது.

ஆய்வுத் தரவைப் பற்றிக் கட்டுரைக்குரிய அதே சொற்களில் எழுத வேண்டாம். நோயாளி விவரம், பழங்குடி மக்களின் அறிவு, அருகிவரும் உயிரினம் வாழும் இடம் ஆகியவற்றைத் திறந்து வைப்பது தீங்கு. அர்ஜென்டினாவின் 2013 சட்டம் கட்டுரைக்கு 6 மாதம், முதன்மைத் தரவுக்கு 5 ஆண்டு என்று தனித்தனிக் காலம் வைத்து, விலக்குகளும் சேர்த்தது. அதை ஒரு முன்மாதிரியாகப் பார்க்கலாம்.

உங்கள் தலைவரும் உங்கள் கையெழுத்தும்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. சங்கம் மூடிவிடுமோ என்ற கவலையாக இருக்கலாம். ஆனால் தான் நடத்தும் இதழுக்கு அரசுப் பணம் வரும்படியான ஒரு விதியை அவரே தலைமை தாங்கி எழுதுவது நலன் முரண். எண்ணம் நல்லதா கெட்டதா என்பது இதில் கணக்கில்லை. வெளியே சொல்லியாக வேண்டும். இதைத் தனி ஒருவரின் மேல் குற்றச்சாட்டாக எழுப்பாதீர்கள். எல்லா உறுப்பினர்களும் இதழ், பதிப்பகம், களஞ்சியம் ஆகியவற்றோடு தங்களுக்குள்ள தொடர்பைத் தெரிவிக்க வேண்டும் என்று பொதுவான ஒரு படிவத்தைச் செயலாளராக நீங்கள் சுற்றுக்கு விடலாம். நீங்களும் நிரப்புங்கள். களஞ்சியம் வளர்ந்தால் உங்கள் துறைக்கு நிதி வரும், அதுவும் நலன்தானே.

வரைவை ரகசியமாகப் பத்திரிகைக்குத் தர நினைப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பணி விதிகளில் அது உங்களை மட்டும்தான் சிக்க வைக்கும், கொள்கையும் திருந்தாது. அதற்குப் பதில், வரைவை இறுதியாக்கும் முன் பொதுக் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். திறந்த அணுக்கக் கொள்கையை மூடிய அறையில் முடிக்க வேண்டும் என்று யாரும் குறிப்பில் பதிவாகும்படி வாதாட மாட்டார்கள். உங்கள் நாடு யுனெஸ்கோ உறுப்பினர் என்றால் 2021 நவம்பரில் ஏற்கப்பட்ட திறந்த அறிவியல் பரிந்துரையையும் இணைப்பாக வையுங்கள். சட்டமாக அது யாரையும் கட்டாது என்றாலும் அமைச்சகத்தில் எடை உண்டு.

தலைவரின் வரியை நேராக வெட்டாமல், இரண்டு மாற்றுகளாக வரைவைக் கொடுங்கள். அவருடைய வரி ஒன்று. ஒப்படைப்பு, உரிமை, மதிப்பீடு என்ற வரிசையில் உங்களுடையது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுச் செலவை நிதித்துறையைக் கொண்டே போடச் சொல்லுங்கள். உங்கள் மாற்றில் உள்நாட்டுச் சங்க இதழ்கள் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் வாங்காமல் நடக்க நேரடி மானியம் என்ற பத்தி இருக்கட்டும். தலைவரின் இதழ் விண்ணப்பிக்கும் முதல் இதழாக இருக்கலாம். கட்டணத்தை நம்புவதைவிடச் சங்கத்துக்கு அது நிலையான வருமானம். இதை முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் அல்ல. அதன் பிறகும் குழு ஒற்றை வரியைத்தான் ஏற்றால், மாறுபட்ட கருத்தை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி அறிக்கையோடு இணைக்கக் கேளுங்கள். அதை ஏற்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். குறிப்பு எழுதுவது நீங்கள்தானே.

இந்த வாரமே ஒரு வேலை செய்ய முடியும். உங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடந்த ஆண்டு கையெழுத்திட்ட பதிப்பகப் படிவங்களில் நான்கைந்தை அவர்கள் அனுமதியோடு வாங்கி, பெயர்களை மறைத்து, ஏற்கப்பட்ட படியைப் பற்றிய வரிகளுக்கு அடிக்கோடிட்டு, அடுத்த கூட்டத்தில் எல்லோர் மேசையிலும் வையுங்கள். அந்த வரிகளை உங்கள் உறுப்பினர்களில் பலர் அன்றுதான் முதல் முறையாகப் படிப்பார்கள்.